வெளியே உட்கார்ந்தவள்

ஆவணி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு பகலில், அல்மோராவிலிருந்து மேலே ஏறிவந்த ஷேர் ஜீப் தீவான் சிங்கின் டீக்கடை முன்னால் நின்றது. பின்சீட்டிலிருந்து பசந்தி சிரித்துக்கொண்டே இறங்கினாள். தூக்கம் வராமல் ஒரு வருஷமாக மாத்திரை விழுங்குகிறவள் என்று அந்த முகத்தைப் பார்த்து யாரும் சொல்லமாட்டார்கள்.

அக்காள் ஜீவந்தி தன் புருஷனுடைய அந்தக் கடைத் தாழ்வாரத்தில் காத்திருந்தாள். தங்கையின் பெட்டிக்குக் கீழே சக்கரம் இருந்தது. அந்தச் சேற்றுப் பாதையில் சக்கரம் என்ன செய்யும்? ஜீவந்தி பெட்டியைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு தேவதாரு மரங்களுக்கு நடுவே மேலே நடந்தாள். பசந்தி செருப்பு வழுக்க வழுக்கப் பின்னால் வந்தாள்.

"உலகம் முழுக்க இருந்து உன் மலைக்கு வந்து கண்ணை மூடிட்டு உட்கார்றாங்களாம். ஹல்த்வானியில எங்க டாக்டரே சொல்றாரு. நான் என்னடான்னா சொந்த அக்கா இங்க இருந்தும் எட்டிப் பார்க்கல."

"இங்க உட்கார்றவங்களுக்கெல்லாம் தூக்கம் வந்துடுதா என்ன?" என்றாள் ஜீவந்தி.

சொன்ன பிறகுதான் குரலில் ஒரு முள் இருந்ததை அவளே உணர்ந்தாள். அது பழைய முள். பசந்தி சிவப்பாகப் பிறந்தவள். இஜா, அவர்களைப் பெற்றவள், தயிரின் மேலாடையை எடுத்து அவள் ரொட்டியில்தான் வைப்பாள். பள்ளிக்கூடம் போனவள் பசந்தி, காட்டுக்குப் போனவள் ஜீவந்தி. இளையவளுக்குச் சமவெளியில் எலக்ட்ரிக் கடைக்காரர் மாப்பிள்ளையாக வந்தார். மூத்தவளுக்கு மலைமுகட்டில் இரண்டு எருமையும் ஒரு டீக்கடையும் கிடைத்தன. இதையெல்லாம் ஜீவந்தி யாரிடமும் சொல்லிக் குறைப்பட்டதில்லை. அவளிடம் பசந்தியிடம் இல்லாத ஒன்று இருந்தது. அவளுக்கு மாயி இருந்தாள்.

ஜீவந்தி வாழ்ந்த கல்வீட்டின் பின்பக்கத்து அறைதான் மாயியின் அறை. குனிந்துதான் நுழைய முடியும் என்கிற அளவுக்குச் சிறிய கதவு. நிலையில் மாமனார் காலத்துக்கு முந்திய செதுக்குவேலை. மாயி என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தச் சந்நியாசினி எங்கிருந்து வந்தாள் என்று எவருக்கும் தெரியாது. பனியில் ஒரு விரலை இழந்த இடது கையோடு, ஒரு கம்பளியோடு வந்தாள். மாமனார் அறையைக் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து, அங்கேயே கிழவியாகி, சில வருஷங்களுக்கு முன் அங்கேயே அடங்கிவிட்டாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜீவந்திதான் அவளுக்குத் தண்ணீர் சுமந்தாள், பால் காய்ச்சினாள், துணி துவைத்தாள். பால் லோட்டாவைப் படியில் வைப்பாள். உள்ளேயிருந்து நாலு விரல் கை நீண்டு எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஒருநாள்கூட மாயி அவளை உள்ளே கூப்பிட்டதில்லை. மனம் பொறுக்காமல் ஒருமுறை அழுதுகொண்டே, எனக்கும் ஏதாவது சொல்லித் தரக்கூடாதா என்று கேட்டபோது, உள்ளிருந்து பதில் வந்தது. "வீட்டுக்குப் போ ஜீவந்தி. இங்க உட்காராதே."

அவள் உட்கார்ந்தாள். மாயி இருந்தபோதும் உட்கார்ந்தாள், போன பிறகும் உட்கார்ந்தாள். மத்தியான வேலை முடிந்ததும், தாழ்ப்பாள் போட்ட அந்தக் கதவுக்கு வெளியே, படியோரக் கல்லில், கண்ணை மூடிக்கொண்டு. கூப்பிடாமல் உள்ளே போவது பாவம் என்று நினைத்தாள். ஆனால் ஒன்று கிடைத்தது அவளுக்கு. தை மாதத்து உறைபனியிலும் அந்தக் கல் கதகதப்பாக இருக்கும். யாரோ அதுவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோன இடம் போல. சில வேளை பிடரியில் மூச்சுப் படும். நனைந்த கம்பளி வாசனை வரும். மாயியின் அருள் அது என்று அவள் நம்பினாள்.

பசந்தி வந்து இரண்டு மூன்று நாள் கழிந்தது. ஜீவந்தி புல் அறுத்துக்கொண்டு வந்து கட்டை இறக்கியபோது, பின்பக்கத்துப் படியில் தங்கையின் செருப்பு கிடந்தது.

கதவு திறந்திருந்தது.

உள்ளே, மாயியின் கம்பளியின்மேல், மாயி உட்கார்ந்த அதே இடத்தில் பசந்தி இருந்தாள். கண் மூடியிருந்தது. முகம் ஈரக்காற்றில் அசையாமல் நிற்கும் விளக்குச் சுடர்போல இருந்தது. ஜீவந்தி கத்த நினைத்தாள். படியைத் தாண்டாமல் நின்றாள். வெகுநேரம் கழித்துப் பசந்தி கண் திறந்து, அழுதபடியே சிரித்தாள்.

"தீதி, மழையில போரடிச்சுது, சும்மா தாழ்ப்பாளை நீக்கிப் பார்த்தேன். உள்ள வான்னு கூப்பிட்டாங்க."

"யாரு?"

"ஒரு பாட்டிம்மா. என் தலையை மடியில வெச்சுக்கிட்டாங்க. கைதான் ஒரு மாதிரி. ஒரு விரல் இல்ல."

விரலைப் பற்றி ஜீவந்தி அவளிடம் சொன்னதே இல்லை.

அன்றைக்கு அடுப்பில் பட் என்கிற கறுப்புச் சோயாப் பருப்புக் கொதித்துக்கொண்டிருந்தது. கிளறக்கூடத் தோன்றாமல் ஜீவந்தி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பருப்பு அடிப்பிடித்துக் கரிந்தது. அவளுக்குள் எரிந்தது அதைவிட மோசமாக நாறியது. மேலாடை போனது, படிப்புப் போனது, போகட்டும். இதுவுமா? கூப்பிடக் காத்துக்கிடந்தவளை விட்டுவிட்டு, மழைக்குப் போரடித்தவளையா?

அதன்பிறகு பசந்தி தினமும் உள்ளே போனாள். மாத்திரை இல்லாமல் தூங்கினாள். கன்னம் மினுமினுத்தது. தீவான் சிங் கடையில் பெருமையாகச் சொல்லப்போக, முகட்டில் தியானத்துக்கு அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பசந்தியைப் பார்த்துப் போனார்கள். ஒரு வெளிநாட்டுப் பெண் அவள் காலைத் தொட்டாள். அந்தப் பெண்ணுக்கு டீ கொண்டுவந்து வைத்தவள் ஜீவந்தி.

"உன் தங்கச்சி வந்த வேளை, வீட்டுக்கே ஒரு ஒளி வந்துடுச்சு," என்றார் தீவான் சிங்.

"ஆமா. இத்தனை வருஷம் நான் இருட்டைத்தான் பெருக்கிட்டு இருந்தேன்," என்றாள் அவள். அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

தங்கை உள்ளே இருக்க, அக்காள் வெளியே கல்லில் உட்காருவதை மட்டும் விடவில்லை. இப்போது கல் முன்னைவிடச் சூடாக இருந்தது. கம்பளி வாசனை முகத்தருகே வந்தது. மூச்சு ஒரு பக்கமிருந்து அல்ல, தன்னுடைய மூச்சோடு சேர்ந்தே ஏறி இறங்குவதுபோல இருந்தது.

பிறகு சின்னச் சின்னதாகச் சில நடந்தன. பசந்தியின் செருப்பு காஞ்சொறிப் புதரில் கிடந்தது. அவளுக்கென்று எடுத்துவைத்த பால் மட்டும் திரிந்துபோனது. ஒருநாள் தியானம் கலைந்து எழுந்தவள் வலியில் முனகினாள். அவள் பின்னலின் நுனி கதவிடுக்கு வழியாக வெளியே இழுக்கப்பட்டு, தாழ்ப்பாள் கொண்டியில் முடிச்சுமேல் முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தது. ஈரக் கயிற்றைக் கட்டுவதுபோல இறுக்கமாக. அவிழ்க்க முடியாமல் கத்தரியால் வெட்டவேண்டியதாயிற்று.

எருமைக் கன்று மேய்ந்திருக்கும், கொண்டியில் சிக்கியிருக்கும் என்று ஏதேதோ பேசிக்கொண்டார்கள்.

மாலையில் கை கழுவும்போது ஜீவந்தி பார்த்தாள்.

அவள் நகக்கண்களில் நீளமான முடி.

அவளுக்குக் கட்டிய நினைவே இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது மட்டுந்தான் நினைவிருந்தது.

மறுநாள் மோர் வாங்க வந்த கஷ்டி காக்கி, தீவான் சிங்கின் சித்தப்பா மனைவி, பசந்தியின் பெருமையைக் கேட்டுக்கொண்டே வந்தவள், மாயி கூப்பிட்டாள் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். தூக்கை முற்றத்தில் இறக்கி வைத்தாள்.

"உள்ள கூப்பிட்டாளா? மாயியா?"

"ஆமா காக்கி. அவளுக்குக் குடுத்துவெச்சிருக்கு."

காக்கி பின்பக்கக் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஜீவந்தி வருவதற்கு முன்னால் கோமதி என்று ஒருத்தி மாயிக்குப் பணிவிடை செய்தாள். அநாதைப் பெண். இதே படி, இதே பால் லோட்டா. உள்ளே கூப்பிடுவாள் கூப்பிடுவாள் என்று கிடந்தாள். ஒரு பனிக்காலத்தில் எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மாயி உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். கோமதி படியை விட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டார் இழுத்தும் வரவில்லை. பனி கொட்டியது. மறுநாள் விடிந்து பார்த்தபோது உட்கார்ந்த வாக்கில் இருந்தாள். கால்களை நீட்டக்கூட முடியவில்லை, அப்படியே உட்காரவைத்துத்தான் தூக்கிப்போனார்கள். கண் மட்டும் கதவைப் பார்த்தபடி திறந்திருந்தது.

"அந்த வெள்ளைக்காரி?"

"பனி உருகறதுக்குள்ள, மாயி வெளிய போன ஒரு வேளையில, அவளும் போயிட்டா. நெஞ்சடைப்புன்னு சொன்னாங்க. உள்பக்கமா இருந்தவளுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கமா எப்படி விழுந்துச்சுன்னு யாரும் கேக்கல. தங்கச்சியை ஊருக்கு அனுப்பிடு ஜீவந்தி. நீயும் அங்க உட்காராதே."

நல்ல புத்தி சொன்னாள் காக்கி. ஆனால் பொறாமை பிடித்தவளின் காதில் ஒன்று சொன்னால் வேறொன்றுதான் விழும். கோமதியையும் கூப்பிடவில்லை என்பதுதான் ஜீவந்தி காதில் விழுந்தது. பாவம், அவளையும் கூப்பிடவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணின்மேல் கூடப்பிறந்தவள்மேல் வராத பாசம் வந்தது.

பசந்தியை ஊருக்கு அனுப்பும் பேச்சை அவள் எடுக்கவில்லை.

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. பகல் சாப்பாட்டு வேளையிலேயே எதிர்மலை காணாமல் போய், தேவதாருக்கள் போய், முற்றத்துத் துளசியும் போயிற்று. தீவான் சிங் கடையில் இருந்தார். அறை ஈரமாக இருக்கிறது, கம்பளி நாறுகிறது என்றாள் பசந்தி. ஜீவந்தி இரும்புச் சட்டியில் கரி அடுப்பு மூட்டினாள். தணல் கனிந்ததும் கொண்டுபோய் மாயியின் அறை மூலையில் வைத்தாள். பனி உள்ளே வராமலிருக்க ஒற்றைச் சன்னலையும் சாத்தினாள்.

மூடிய அறையில் கரித்தணல் வைத்தால் என்ன ஆகும் என்று மலையில் பிறந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்கேயாவது ஒரு வீட்டில் விடியாமல் போய்விடும்.

"கதவைத் திறந்து வெச்சுக்கோ," என்றாள். சொன்னாள் என்றுதான் பிறகும் நினைத்தாள்.

பசந்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஜீவந்தி வெளியே வந்து கல்லில் உட்கார்ந்தாள். கல் சுட்டது.

எங்கும் வெள்ளை. தாழ்வாரத்து ஓட்டுப்பலகையிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் மட்டும். எங்கோ கீழே கோயில் மணி ஒன்று அடித்து, பனிக்குள் அமுங்கியது. நனைந்த கம்பளி வாசனை கிட்டே வந்தது. மூச்சும் கிட்டே வந்தது.

ஒரு இரும்புச் சத்தம் கேட்டது.

ஜீவந்தி கண் திறந்தாள்.

கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அவள் உள்ளங்கையில் ஈரத் துரு.

எழுந்திருக்கவேண்டும் என்று நினைத்தாள். எழ முடியவில்லை. இரண்டு முழங்கால்களின்மேலும் யாரோ கை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. குளிர்ந்த கை. மரத்துப்போன, மடங்காத விரல்கள். கீழே பார்த்தாள். பாவாடைத் துணி விரல் விரலாகப் பள்ளம் விழுந்திருந்தது. கை எதுவும் இல்லை.

உள்ளே பசந்தி இருமினாள்.

"பேசாம இரு," என்றது ஒரு குரல், காதோரமாக, ரொம்பப் பிரியமாக. "நாம எத்தனை காலம் பேசாம இருந்தோம். இவ கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

இருமல் பலமாயிற்று. கம்பளி இழுபடும் சத்தம். கதவை உள்ளிருந்து ஒரு கை தட்டியது. முதலில் விளையாட்டாகத் தட்டுவதுபோல. பிறகு வேகமாக.

"அப்புறம் இடம் காலியாயிடும். அப்புறம் நம்மைத்தான் கூப்பிடணும். வேற யாரு இருக்கா?"

சரிதானே என்று ஜீவந்திக்குத் தோன்றியது. அதுதான் பயங்கரம். அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அவளுக்கு அந்நியமாக இல்லை. தொண்டை அதிர்வதை உணர்ந்து, உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

பேசிக்கொண்டிருந்தது அவள் வாய்.

தட்டல் மெலிந்தது. நகம் பலகையைப் பிராண்டும் சத்தம், கதவின் மேலிருந்து கீழாக இறங்கியது. பசந்தி சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கதவின் அடி இடுக்கு வழியாக அவள் குரல் வந்தது. ஒரு பலகையின் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக இரண்டு பேரின் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"தீதி... வெளிய இருக்கியா? உனக்கு ஒண்ணும் ஆகலையே? ஏன் பேசமாட்டேங்கிற... நீ விழுந்துட்டியா?"

தன்னைக் காப்பாற்று என்று அவள் சொல்லவில்லை. சாகிற நேரத்தில், அக்காளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துகொண்டிருந்தாள்.

ஜீவந்தி கல்லிலிருந்து முன்னால் சாய்ந்தாள். இரண்டு கையையும் தரையில் ஊன்றினாள். முழங்காலில் இருந்த அழுத்தம் தோளுக்கு ஏறியது, முதுகில் படர்ந்தது, கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டது. போகாதே போகாதே என்று அவள் வாயாலேயே கெஞ்சியது. ஆனால் அவள் மலைக்காரி. ஆளைவிடப் பெரிய விறகுக்கட்டை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஒரு முழங்காலை மடக்கி, ஒரு மூச்சில் எழுந்து பழகியவள். எறிய முடியாத சுமையை எப்படி எழுப்புவது என்று அவள் உடம்புக்குத் தெரியும்.

அப்படியே, அதையும் சுமந்துகொண்டு, எழுந்தாள்.

தாழ்ப்பாளைத் தள்ளினாள். கதவோடு சேர்ந்து பசந்தி வெளியே விழுந்தாள். உதடு செர்ரிப்பழம்போலச் சிவந்திருந்தது. ஜீவந்தி அவளைக் கக்கத்தில் கைகொடுத்து முற்றத்து மழைக்கு இழுத்துவந்து போட்டுவிட்டு, கடைப்பக்கம் பார்த்துக் கூக்குரலிட்டாள். தீவான் சிங் மைத்துனியை முதுகில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். அல்மோராவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் அவள் கண் விழித்துவிட்டாள்.

கதவு காற்றுக்குச் சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது, தீதி மட்டும் அங்கே இல்லாவிட்டால் நான் பிழைத்திருக்கமாட்டேன். வந்து பார்த்தவர்களிடமெல்லாம் பசந்தி இதைத்தான் சொன்னாள். அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஜீவந்தி துரு படிந்த அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல் நின்றாள்.

பார்க்க வந்த கஷ்டி காக்கி, வராந்தாவில் ஜீவந்தியைத் தனியே கூப்பிட்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். எதையும் கேட்கவில்லை. மாயி சாவதற்கு முன்னால் தன்னிடம் ஒன்று சொன்னதாக மட்டும் சொன்னாள். "ஜீவந்தியை ஒருநாள் உள்ள கூப்பிடணும்னு எனக்கு ஆசைதான். கூப்பிட்டா கோமதி அவளை உயிரோட விடமாட்டா. அதனாலதான் வாயைக் கட்டிக்கிட்டு இருக்கேன்னு மாயி சொன்னா."

ஜீவந்தி ஆஸ்பத்திரிச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, மாயி செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதாள். அதில் முதுகு லேசாகும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை.

தீவான் சிங் கதவைக் கழற்றி எடுத்து, வாசலைக் கல்வைத்து அடைத்தார். படியோரக் கல்லைக் கடப்பாறையால் பெயர்த்துப் பள்ளத்தில் உருட்டினார். ஜீவந்தி பிறகு எங்கும் கண்ணை மூடி உட்காரவில்லை. மத்தியானங்களில் கடைக்குப் போய் டீ ஆற்றினாள். நன்றாகப் பேசினாள், சிரித்தாள். பசந்தியோடு போனில் தினமும் பேசினாள். உள்ளுக்குள் தேடித் தேடிப் பார்த்தாள், பழைய முள் இல்லை. உண்மையாகவே இல்லை.

மறுவருஷம் பங்குனியில் ஹல்த்வானியில் பசந்தி புதுவீடு கட்டிக் குடிபோனாள். சிமெண்டு வாசனை மாறாத வீடு. பளபளக்கிற தரை, கண்ணாடிச் சன்னல், வெளிச்சம். மஞ்சளும் சிவப்புமாகப் பிச்சௌரா போர்த்திய பெண்கள் வீடு நிறைய. ஜீவந்தி விடியும்போதே எழுந்து, வாசற்படியில் காவி பூசி அரிசிமாவால் ஐப்பண் கோலம் போட்டாள். இவ்வளவு அழகாக எங்க அக்காவால்தான் முடியும் என்று பசந்தி வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். பூஜை தொடங்கியது.

"தீதி, வெளிய என்ன வேலை? உள்ள வா. என் பக்கத்துல உட்காரு."

வீடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். ஜீவந்திக்குக் கண் நிறைந்தது. மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எழுந்து, உள்ளே போய், தங்கையின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு முதுகில் பாரம் இல்லை. நிமிர்ந்து மூச்சு விட்டாள்.

அப்போது பக்கத்துவீட்டுப் பெண் ஒருத்தி தேங்காய்த் தட்டோடு வாசலுக்கு வந்தாள். ஜீவந்தி யாரென்றோ, அந்தக் குடும்பம் எந்த ஊரென்றோ அறியாதவள். கோலத்தை மிதிக்காமல் படி ஏறக் காலைத் தூக்கியவள், சட்டென்று பின்வாங்கினாள். யாருமில்லாத படியோரத்தைப் பார்த்துக் குனிந்து, மரியாதையாகச் சொன்னாள்.

"மன்னிச்சுக்கோங்க தீதி, கவனிக்கல, உங்களை மிதிச்சிருப்பேன். எல்லாரும் உள்ளதானே இருக்காங்க, நீங்க மட்டும் ஏன் வெளிய உட்கார்ந்திருக்கீங்க? எழுந்து உள்ள வாங்க."